நூற்றிமூன்று வெள்ளணுக்கள்

மானிப்பாய்,
12-05-1993

யோசப்பின்,

நான் ஒன்பதாம் திகதி பின்னேரம் வந்து சேர்ந்தேன். கிளாலிக் கடலேரியைத் தாண்ட வள்ளத்துக்கு இரண்டு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. நடக்கும்போது மூச்சு முட்டியது. பயணத்தைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை. நலம் என்று எழுத மாட்டேன். என் நலம் என்னவென்று என்னைவிட உனக்குத்தான் கூடத் தெரியும். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

ஏப்ரல் இரண்டாம் திகதி என் வலது நெஞ்சைத் திறந்து சுவாசப்பையில் ஒரு பங்கை எடுத்தார்கள். பழைய சயரோகத் தழும்பு கட்டியாகிவிட்டது, எடுத்தால் சரி என்று நீ சொன்னாய். டொக்டர் தியாகராசா உன் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு அதையே சொன்னார். நானும் தலையாட்டினேன்.

அதோடு இரத்தமும் எடுக்கத் தொடங்கினார்கள். ஒப்பரேசனுக்கு முதல்நாள் ஒரு குழாய். மறுநாள் ஒன்று. ஏழாம் நாள் ஒன்று. முப்பதாம் நாள் உன் வீட்டிலிருந்து கூட்டிப்போய் ஒன்று. இனி மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் வரவேண்டுமாம். முப்பத்தொரு வருடம் ஊர் ஊராக மலேரியாக் காய்ச்சல்காரரின் விரலில் குத்தி, அந்த இரத்தத்தைக் கண்ணாடித் தட்டில் பூசிப் பார்த்தவன் நான். சயரோகத் தழும்புக்கு ஒருவரும் ஆறு தரம் இரத்தம் எடுப்பதில்லை.

முப்பதாம் நாள் தாதி என் கோவையை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள். திறந்து வாசித்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், ஆங்கிலம் அகராதியை வைத்துத் தனியாகப் படித்தது. அதில் இருந்த சொல்லுக்கு அகராதி தேவைப்படவில்லை. புற்றுநோய். கட்டியை வெட்டி எடுத்த பிறகு நோயாளியின் வெள்ளணுக்கள் எப்படி மாறுகின்றன என்று பார்க்கும் ஆராய்ச்சி. பத்தொன்பது பேர். நான் பதினோராவது. சம்மதம் என்ற இடத்தில், நோயாளிக்காக, சகோதரி, ம. யோசப்பின் என்று உன்னுடைய கையெழுத்து.

அவர்கள் வெட்டியது என் நெஞ்சை. கையை அல்ல. எனக்குக் கையெழுத்து வைக்கத் தெரியும்.

எண்கள் எழுதிய தாள் கோவையில் இல்லை. அது டொக்டரிடம் இருக்கிறதாம். நாலு தரம் எடுத்த இரத்தத்தின் எண்ணிக்கையும் எனக்கு வேண்டும். வெட்டினால் அந்த அணுக்கள் விழும், அது எனக்குத் தெரியும். விழுந்தவை திரும்ப ஏறினால் ஒரு கதை. ஏறாவிட்டால் வேறு கதை. எந்தக் கதை என்று எனக்குச் சொல்லவேண்டும். சொல்லும்வரை மூன்றாம் மாதத்துக்கு வரமாட்டேன்.

நீக்கிலாப்பிள்ளை


கொட்டாஞ்சேனை,
09-06-1993

மாதாவின் காவல் உங்களோடு இருக்கட்டும்.

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. இருபத்தேழு நாள். அந்த இருபத்தேழு நாளும் நீங்கள் உயிரோடு போய்ச் சேர்ந்தீர்களா என்று தெரியாமல் நான் இருந்தது எப்படி என்று நீங்கள் ஒரு வரி கேட்கவில்லை.

ஐந்தாம் திகதி விடியற்பூசை முடிந்து வந்து பார்க்கிறேன், படுக்கை மடித்து வைத்திருக்கிறது. கஞ்சி மூடினபடி. கீழ்வீட்டு மனுசி படியில் நின்று, "ரீச்சர், உங்கடை அண்ணர் ஒரு பையோடை போறார். எங்கை ஐயா எண்டு கேட்டன். இரத்தம் இல்லாத இடத்துக்கு எண்டார்" என்று சொன்னா. அவவுக்குச் சிரிப்பு. காயம் இன்னும் காயாத மனிதன், வள்ளத்தில் ஏறி, துவக்குச் சூட்டுக்கு நடுவில் அந்தக் கடலேரியைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். அதுவும் என்னோடு கோபத்தில்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கட்டி முழுவதும் போய்விட்டது. வேரோடு எடுத்தாயிற்று. பிறகு எதற்கு அந்தச் சொல்லைக் கடிதத்தில் எழுதுகிறீர்கள்? வாசித்துவிட்டுக் கடிதத்தை மடித்து மாதா படத்துக்குப் பின்னால் வைத்தேன். அந்தச் சொல் வெளியில் கிடக்கும் வீட்டில் என்னால் சமைக்க முடியாது. கோவைகளில் எல்லாவற்றையும்தான் எழுதுவார்கள், அண்ணை. அவர்களுக்கு ஒரு பெயர் போட வேண்டும்.

உங்களுக்காக டொக்டரிடம் போனேன். ஒரு சின்ன அறை. குளிர்ப்பெட்டியில் செம்மறியாட்டு இரத்தம் ஒரு போத்தலில் வைத்திருக்கிறார். உங்கள் வெள்ளணுக்களை அதோடு கலந்தால், அவற்றில் ஒரு வகையைச் சுற்றி மட்டும் ஆட்டின் சிவப்பணுக்கள் இதழ் இதழாக வந்து ஒட்டுமாம். அந்தப் பூக்களை இருந்து எண்ணுகிறார். "உங்கடை அண்ணர் இஞ்சை நிண்டிருந்தால் எனக்கு அரைவாசி வேலை மிச்சம்" என்றார். நல்ல பிள்ளை. எல்லாம் நல்லாக இருக்கிறது என்றுதான் சொன்னார்.

வலது கையை மேலே தூக்க முடியாதென்று பட்டபாட்டைப் பார்த்தேன். முன்பக்கம் முழுவதும் திறக்கிற மாதிரிப் பொத்தான் வைத்து இரண்டு பனியன் தைத்திருக்கிறேன். மானிப்பாய்க்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். தலையால் போட வேண்டியதில்லை.

சுருட்டைத் தொடவேண்டாம். யூலை இரண்டாம் திகதிக்கு முன் வந்துவிடுங்கள்.

அன்புத் தங்கச்சி
யோசப்பின்


மானிப்பாய்,
08-07-1993

யோசப்பின்,

உன் கடிதத்தில் ஆட்டின் இரத்தம் இருக்கிறது. என் இரத்தம் இல்லை.

யூலை இரண்டு போய்விட்டது. நான் வரவில்லை. ஆனால் அன்றைய இரத்தத்தை எடுத்துவிட்டேன்.

நான் இருக்கும் இந்தப் பின்னறை சீவரத்தினத்தின் வீட்டில் என்பது உனக்குத் தெரியும். அவன் என்னோடு சைக்கிளில் இரத்தம் சேர்க்கத் திரிந்தவன், கமக்காரன், சைவக்காரன். மூன்று வருடத்துக்கு முன் இராணுவம் வந்து மயிலிட்டியை விட்டு ஓடி வந்தபோது நான் கொண்டுவந்தது இரண்டு சாரமும் அந்த நுணுக்குக்காட்டியும். மலேரியாக் கந்தோரில் பழசென்று கழித்த பித்தளைச் சாமான். மின்சாரம் தேவையில்லை, அடியில் கண்ணாடி இருக்கிறது. பத்து மணி வெய்யிலை யன்னலால் பிடித்தால் போதும். வில்லைக்கும் தட்டுக்கும் இடையில் விடும் எண்ணெய்க்குப் பதில் ஒரு துளி தேங்காயெண்ணெய். இந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் அணுக்களுக்குப் போடும் சாயத்தை நீலமாக்கிவிடும். போன மாரியில் போத்தலில் பிடித்த மழைத்தண்ணீர் இருந்தது.

இடது கை விரலில் குத்தினேன். பூசினேன். யன்னற்கட்டையில் காய வைத்தேன். சீவரத்தினத்தின் மனைவி இராசமலர் கண்டுவிட்டாள்.

"அண்ணை, உதென்ன?"

"இரத்தம்."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை. வீட்டிலை மீன் மச்சமே காய்ச்சேல்லை. நீங்கள் யன்னலிலை இரத்தம் காயப்போட்டிருக்கிறியள்."

அங்கால் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த சீவரத்தினம், "அது அவரின்ரை சொந்த இரத்தமப்பா. உன்ரை சட்டியிலையே காய்ச்சினவர்?" என்றான். "அப்ப நீங்களும் ஒருக்கால் குத்திப் பாருங்கோ, உங்களுக்கு இருக்கோ எண்டு" என்று சொல்லிவிட்டுப் போனாள். பிறகு ஒரு வாழையிலைத் துண்டால் அதை மூடிவிட்டும் போனாள், ஈ மொய்க்காமல்.

எண்ணுகிற முறையை உனக்குச் சொல்கிறேன். இதை விளங்கிக்கொள். வெள்ளணுக்களில் ஐந்து வகை. ஐந்து தேங்காய்ச் சிரட்டை வைத்திருக்கிறேன். ஒரு நியூட்ரோபில்லைக் கண்டால் முதற் சிரட்டையில் ஒரு புளியங்கொட்டை. லிம்போசைட்டைக் கண்டால் இரண்டாவதில். இப்படி நூறு புளியங்கொட்டை முடியும்வரை. காயத்துக்கும் சீழுக்கும் ஓடி வருவது முதலாவது. இந்த வருத்தத்தோடு, இந்த நோயோடு, நெடுக நின்று சண்டை பிடிப்பது இரண்டாவது. டொக்டர் ஆட்டின் இரத்தத்தில் தேடுவதும் இந்த இரண்டாவதற்குள் இருக்கும் ஒரு வகையைத்தான். என்னிடம் ஆடு இல்லை. சிரட்டை போதும்.

மூன்றாம் மாதத்து எண் என்னிடம் இருக்கிறது. உனக்குச் சொல்லமாட்டேன். முதலில் நீ முப்பதாம் நாள் எண்ணைச் சொல்லு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன்.

இன்னொன்று. கந்தோரில் நான் கடைசிவரை கூலியாள்தான். படிப்புச் சான்றிதழ் இல்லை. நான் வாசித்த தட்டுக்கு அடியில் கையெழுத்து வைத்தது வேறு ஆட்கள். அதில் பாதிப் பேருக்குக் கிருமியின் எந்தப் பக்கம் தலை என்று தெரியாது. வாயை மூடிக்கொண்டு முப்பத்தொரு வருடம் இருந்தேன். ஓய்வெடுத்த பிறகாவது என் பெயருக்கு மேல் ஒருவரும் கையெழுத்து வைக்கமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். நீ வைத்தாய்.

ஆறுதல் வேண்டாம். எண்ணைச் சொல்லு.

நீக்கிலாப்பிள்ளை

பனியன் வந்தது. அளவு சரி.


கொட்டாஞ்சேனை,
05-08-1993

மாதாவின் காவல் உங்களோடு இருக்கட்டும்.

அன்புள்ள அண்ணைக்கு,

சரி. உங்கள் பிடிவாதத்தோடு என்னால் ஏலாது. நேற்றே டொக்டரிடம் போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன். நீங்கள் சொன்ன ஒழுங்கில், ஐந்து வகையும்:

ஒப்பரேசனுக்கு முதல்நாள்: 70, 20, 4, 6, 0.
மறுநாள்: 88, 6, 5, 1, 0.
ஏழாம் நாள்: 80, 11, 4, 5, 0.
முப்பதாம் நாள்: 60, 33, 4, 6, 0.

பார்த்தீர்களா? இரண்டாவது எண் விழுந்து, பிறகு எழும்பி, முந்தியிலும் பார்க்கக் கூடிவிட்டது. நான் சொன்னபோது நம்பவில்லை. இப்போது எண்ணே சொல்கிறது. இதை அன்றைக்கே டொக்டர் சொல்லக் கேட்டுத்தான் நான் எல்லாம் நல்லாக இருக்கிறது என்று எழுதினேன்.

இனிமேல் அந்த விரலைக் குத்திக்கொண்டு இருக்கவேண்டாம். சாப்பிடுங்கள். சீவரத்தினம் அண்ணையின் வீட்டில் முட்டை வாங்கலாம்தானே. அவர்கள் வெள்ளிக்கிழமை சாப்பிடாவிட்டாலும் கோழி நிற்கும். ஒக்டோபர் இரண்டாம் திகதி ஆறாம் மாதம். அதற்கு நீங்கள் கட்டாயம் வரவேண்டும் என்று டொக்டர் சொன்னார். செப்டெம்பர் நடுவிலேயே புறப்பட்டால் நல்லது. நான் கோழிச்சூப்பும் வைத்து, உங்கள் கட்டிலையும் யன்னல் பக்கம் இழுத்துப் போட்டு வைக்கிறேன்.

கோபம் தீர்ந்தது என்று ஒரு வரி எழுதுங்கள்.

அன்புத் தங்கச்சி
யோசப்பின்


மானிப்பாய்,
31-08-1993

யோசப்பின்,

எழுபதும் இருபதும் நாலும் ஆறும் நூறு.
எண்பத்தெட்டும் ஆறும் ஐந்தும் ஒன்றும் நூறு.
எண்பதும் பதினொன்றும் நாலும் ஐந்தும் நூறு.
அறுபதும் முப்பத்துமூன்றும் நாலும் ஆறும் நூற்றிமூன்று.

நூறு வெள்ளணுவை எண்ணினால் நூறுதான் வரும். நூறு புளியங்கொட்டையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். நீ வாசிக்கவில்லை.

டொக்டர் பிழைவிட்டார் என்று எழுதவேண்டாம். முதல் மூன்று வரியும் அவருடையவை. கடைசி வரி உன்னுடையது.

எனக்குக் கோபம் கூட வரவில்லை. கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் பின்னேரம்வரை அப்படியே இருந்தேன். இராசமலர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். ஆறிப்போயிற்று. எடுத்துக்கொண்டு போய் இன்னொன்று கொண்டுவந்தாள். அதுவும் ஆறிப்போயிற்று.

சுவாசப்பையில் வருத்தம் வந்ததற்கு நீ என்ன செய்வாய். அது நான் குடித்த சுருட்டு. அதற்கு உன்னோடு எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் என் உடம்புக்குள் இருக்கிற ஒரு எண்ணை, எனக்குத்தான் வாசிக்கத் தெரிந்த ஒரு எண்ணை, நீ உன் மேசையில் இருந்து மாற்றி எழுதியிருக்கிறாய்.

ஒக்டோபருக்கு வரமாட்டேன். இனி எழுதவும் மாட்டேன்.

நீக்கிலாப்பிள்ளை


கொட்டாஞ்சேனை,
27-09-1993

அண்ணை,

நீங்கள் வாசிக்காமல் கிழித்தாலும் நான் எழுதத்தான் வேண்டும். இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். டொக்டர் தியாகராசா தன் கையால் எழுதிக் கையெழுத்து வைத்தது. முப்பதாம் நாள்: 78, 12, 4, 6, 0.

ஓம், கடைசி வரி என்னுடையது. டொக்டர் தந்த தாளைக் குசினி மேசையில் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு. பன்னிரண்டு என்று எழுதப் பேனை போகவில்லை. முப்பத்துமூன்று என்று எழுதினேன். எழுதியதும் எனக்கே மனம் லேசாயிற்று, உண்மையில் அப்படித்தான் என்பது போல. முதலாவது எண்ணைக் குறைக்கவேண்டும் என்று தெரிந்தது. குறைத்தேன். கூட்டிப் பார்க்கவில்லை. நான் தையல் ரீச்சர், அண்ணை. சட்டையில் முன்பக்கத்தை அகலமாக்கினால் பின்பக்கத்தில் அவ்வளவையும் எடுக்க வேண்டும் என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். அன்றைக்கு எனக்கு அது வரவில்லை.

பொய் சொன்னது பிழை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் நான் ஒத்துக்கொண்டு, நீங்கள் நீதவான் மாதிரி இருக்க விடமாட்டேன். இருபத்தொன்பது வருடமாக வாயில் வைத்திருந்த ஒன்றை இப்போது சொல்கிறேன்.

உங்கள் பெண்சாதி, என் மச்சாள் அற்புதராணி, அறுபத்துநாலாம் ஆண்டு வயிற்று வருத்தத்தில் கிடந்தபோது, ஆஸ்பத்திரியால் வந்த அன்று, எங்கள் எல்லோரையும் மயிலிட்டி வீட்டுக் கிணற்றடிக்குக் கூப்பிட்டது யார்? "ஒருத்தரும் வாய் திறக்கப்படாது. வயித்துப் புண் எண்டு சொல்லுங்கோ. அழுறவை வெளியிலை போய் அழுங்கோ" என்று சொன்னது யார்? அதே வருத்தம்தான் அது. அந்தச் சொல்லை அன்றைக்கு உங்களுக்கும் சொல்ல வரவில்லை. "அது" என்றுதான் சொன்னீர்கள்.

மச்சாளைக் கழுவித் துடைத்தது நான். மூன்று தரம் என்னைக் கேட்டா. "யோசப்பின், எனக்கு என்ன வருத்தமடி?" மூன்று தரமும் வயித்துப் புண் மச்சாள் என்று சொன்னேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. நான் இதை வேறெங்கும் படிக்கவில்லை. உங்களிடம்தான் படித்தேன். ஆஸ்பத்திரியில் அந்தக் கடதாசியை நீட்டினபோது நான் யோசிக்கவே இல்லை. எங்கள் வீட்டு வழக்கம் இதுதானே என்று கையெழுத்து வைத்தேன்.

டொக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பத்தொன்பது பேரில் பதின்மூன்று பேருக்கு முப்பதாம் நாளிலேயே இரண்டாவது எண் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ஆறு பேருக்கு வரவில்லை. நீங்கள் அந்த ஆறு பேரில். ஒரு எண்ணை வைத்து ஒரு ஆளுக்கு என்ன நடக்கும் என்று சொல்ல முடியாதாம். வந்தால் நெஞ்சுப் படம் எடுத்துப் பார்க்கலாம் என்கிறார். நான் வாருங்கள் என்று கேட்கவில்லை. கேட்கும் உரிமையை நான்தான் கெடுத்துக்கொண்டேன்.

யோசப்பின்


மானிப்பாய்,
02-11-1993

யோசப்பின்,

உன் கடிதம் நேற்றைக்கு முன்தினம் வந்தது. தாளில் இருந்த வரியைக் கூட்டினேன். நூறு.

என் எண்ணையும் சொல்கிறேன். மூன்றாம் மாதம் நான் எண்ணியது பதினாலு. பன்னிரண்டுக்குப் பிறகு பதினாலு. பொருந்துகிறது. டொக்டர் சரியாக எண்ணுகிறவர்.

அற்புதராணியின் விசயம். அது வேறு, அவள் பெண், அவளுக்குத் தாங்கும் வலு இல்லை என்று நாலு வரி எழுதினேன். வெட்டிவிட்டேன். கடதாசி தட்டுப்பாடான ஊரில் நாலு வரி வீண்.

அவள் என்னையும் கேட்டாள். ஒரு தரம்தான். நான் வயித்துப் புண் என்றேன். அவள் "ஓம்" என்றாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பதினெட்டு நாள் கழித்துச் செத்தாள். அந்தப் பதினெட்டு நாளும் அவள் என்னோடு கதைத்தது எல்லாம் கஞ்சி, தண்ணி, யன்னலைச் சாத்து. நான் அதை வருத்தத்தின் களைப்பு என்று எடுத்துக்கொண்டேன். உன் கடைசி வரியைப் பார்த்துவிட்டு நான் உன்னோடு கதைக்காமல் விட்டபோதுதான் அது களைப்பு இல்லை என்று தெரிந்தது. இன்றைக்குக் கல்லறைத் திருநாள். அவளைப் புதைத்த மயிலிட்டிச் சேமக்காலை இராணுவ வேலிக்கு அங்கால் இருக்கிறது. மெழுகுதிரியும் இல்லை, இருந்தாலும் போக முடியாது. இதற்குமேல் இதைப்பற்றி எழுதமாட்டேன். நீயும் எழுதவேண்டாம்.

நான் கொழும்புக்கு வரமாட்டேன். கிளாலிப் பக்கம் சண்டை. சண்டை இல்லாவிட்டாலும் வரமாட்டேன். வாசல் படலைக்கு நடந்தாலே நிற்கவேண்டியிருக்கிறது. இருமினால் வாயைத் துடைக்கும் லேஞ்சியில் சிவப்புத் தெரிகிறது. இராசமலர் மல்லித்தண்ணி வைத்துத் தருகிறாள். "குடியுங்கோ அண்ணை, யன்னல் உங்களுக்குத்தான், ஆரும் இப்ப ஒண்டும் சொல்லேல்லை" என்கிறாள். அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும். இன்னொரு தரம் வெட்ட எனக்கு நெஞ்சில் இடமில்லை.

ஆனால் ஆறாம் மாதத்துக் கணக்கை நான் அரைகுறையாக விடமாட்டேன். பத்தொன்பது பேரின் அட்டவணையில் என் இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தால், நான் இடையில் ஓடினவன் என்று ஆகும். ஒக்டோபர் இரண்டாம் திகதி காலை, அதே திகதியில், விரலில் குத்திப் பூசி, சாயம் போட்டுக் காயவைத்தேன். இரண்டு தட்டு. ஒன்று உடைந்தாலும் மற்றது இருக்கும். நீ தைத்த பனியனின் இடது கைத்துணியை வெட்டி அதில் சுற்றி ஒரு தகரப்பெட்டியில் வைத்திருக்கிறேன். சிசிலியா என்ற கன்னியாஸ்திரி செஞ்சிலுவைக் கப்பலில் கொழும்புக்கு வருகிறா. அவவிடம் கொடுக்கிறேன். ஆட்டின் இரத்தத்தோடு கலக்க இது உதவாது. அதற்கு உயிருள்ள அணு வேண்டும். சிரட்டைக் கணக்குக்கு உதவும். அதை டொக்டருக்குச் சொல்லு.

பெட்டியில் ஒரு தாளும் இருக்கிறது. மரியாம்பிள்ளை நீக்கிலாப்பிள்ளையாகிய நான், வயது அறுபத்தாறு, என் சுவாசப்பைப் புற்றுநோய்க்கு வெட்டு நடந்த பின் என் இரத்தத்தின் மாற்றங்களைப் பார்க்கவும் எழுதிவைக்கவும் என் முழு அறிவோடு சம்மதிக்கிறேன் என்று தமிழில் எழுதியிருக்கிறேன். அடியில் என் கையெழுத்து. உன் கையெழுத்துள்ள தாளை எடுத்துவிட்டு இதைக் கோவையில் வைக்கச் சொல்லு.

இந்தத் தட்டை நான் எண்ணவில்லை. கண் தெரியாமல் இல்லை. யன்னலில் வெய்யிலும் இருந்தது. எண்ணாமல் சுற்றி வைத்தேன். டொக்டர் எண்ணட்டும். நீ பக்கத்தில் நின்று பார். எண்ணை நீ எழுது.

நீக்கிலாப்பிள்ளை


கொட்டாஞ்சேனை,
06-01-1994

அண்ணை,

சிசிலியா அம்மா கப்பல் பிந்திப் பிந்தி, நத்தார்த் திருநாளுக்கு முதல்நாள்தான் வந்து சேர்ந்தா. தகரப்பெட்டியைக் கையில் தந்தா. "வழியிலை நாலு இடத்திலை திறந்து பாத்தவங்கள். இரத்தம் எண்டு சொன்னன். ஒருத்தனும் தொடேல்லை" என்றா. துணியை அவிழ்த்தேன். என் தையல்தான். தட்டு இரண்டும் உடையவில்லை.

விடுமுறை முடிந்து நேற்றுத்தான் டொக்டரைக் கண்டேன். முதலில் உங்கள் தாளைக் கொடுத்தேன். ஒவ்வொரு சொல்லாக இரண்டு தரம் வாசித்தார். கோவையைத் திறந்து என்னுடையதை எடுத்து என்னிடம் தந்தார். உங்களுடையதை அந்த இடத்தில் வைத்தார். என்னுடையதை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் போட்டேன்.

பிறகு தட்டை எடுத்து நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்தார். "சாயம் நல்லாய்ப் பிடிச்சிருக்கு. என்ரை பெடியளுக்கு உப்பிடி வராது" என்றார். இது நான் ஆறுதலுக்கு எழுதுவதல்ல. அவர் சொன்னது. இரண்டு தட்டையும் தனித்தனியாக எண்ணினார். நான் பக்கத்தில் நின்றேன். ஒருதரம் என்னையும் பார்க்கச் சொன்னார். வெளிறின நிலத்தில் ஊதாப் பொட்டுகள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உங்களுடையவை என்று மட்டும் தெரிந்தது.

எண்ணி முடித்துப் பேனையை வைத்துவிட்டு, "அம்மா, இதை அவருக்கு அப்பிடியே எழுதப்போறியளோ?" என்று கேட்டார்.

"ஓம், டொக்டர். அவர் கூட்டிப் பாப்பார்."

அவர் நினைப்பது என்னவென்றால், புற்றுநோய் திரும்பிவிட்டது. புற்றுநோய் என்று எழுதிவிட்டேன், அண்ணை. படம் எடுக்காமல் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். ஆனால் நான் கேட்டேன், உங்களுக்கு மனதில் என்ன படுகிறது என்று. அதுதான் படுகிறது என்றார். மூச்சுக் கஷ்டம் கூடும். நோவுக்கு மருந்து இருக்கிறது, அங்கே கிடைப்பது கடினம். கொஞ்சம் எழுதித் தந்தார். சிசிலியா அம்மா திரும்பும்போது இந்தக் கடிதத்தோடு கொண்டுவருவா. எவ்வளவு காலம் என்று கேட்டேன். மாதங்கள், வருடம் இல்லை என்றார்.

நானும் அம்மாவோடு வர மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை. வருவேன் என்று சொல்லமாட்டேன். கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான் உண்மை.

இந்தக் கடிதம் வரும்போது உங்களுக்குக் கண் களைத்திருந்தால் சீவரத்தினம் அண்ணை வாசிக்கட்டும். எண்ணை மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள்.

ஆறாம் மாதம்: 85, 9, 3, 3, 0.

இரண்டு தரம் கூட்டினேன். நூறு.

யோசப்பின்